கிரேவியும் வெள்ளைச் சோஸும்: மலைநாட்டு அடுப்படிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் விருந்தினர் விடுதிகளில் சமையல் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கும், நத்தாருக்கு வீட்டில் கோழி ரோஸ்ட் செய்ய விரும்பும் அக்காமாருக்கும் கிரேவி, சோஸ் வகைகளைப் பழக்கிக்கொடுக்கும்போது, ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என் காதில் விழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதி, அறிந்த அளவில் பதிலும் தந்திருக்கிறேன். இக்கேள்விகளில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரே பிழைதான்: சோஸ் தடிக்கவில்லை என்றால் மா போதவில்லை என்று முடிவுகட்டி, மேலும் மா சேர்ப்பது. நம் உயரத்தில் பெரும்பாலும் போதாமல் இருப்பது கொதிக்கும் நேரமே.

“கடைசியில மாவைத் தூவிக் கிண்டினா தடிச்சிடும்தானே? எதுக்கு முதல்ல பட்டர்ல வறுக்கணும்?”

கோதுமை மாவின் பெரும்பகுதி மாப்பொருள். அது கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களாக இருக்கிறது. சூடான நீரில் அத்துகள்கள் நீரை உறிஞ்சி உப்புவதால்தான் சோஸ் தடிக்கிறது. உலர்ந்த மா கொதிக்கும் திரவத்தில் நேரே விழுந்தால், ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் துகள்களின் வெளிப்புறம் உடனே பசையாகி, உள்ளே நீர் புகாதபடி அடைத்துக்கொள்ளும். கட்டியைப் பிளந்து பார்த்தால் நடுவில் மா உலர்ந்தபடியே இருப்பது இதனால்தான்.

முதலில் கொழுப்பில் கலந்து வறுக்கும்போது ஒவ்வொரு துகளின் மீதும் கொழுப்பு படிந்து அவற்றைப் பிரித்து வைக்கிறது. பின்னர் ஊற்றப்படும் திரவம் எல்லாத் துகள்களையும் தனித்தனியே சென்றடைகிறது. மாவின் பச்சை வாடை போவதும், வறுத்த மணம் சேர்வதும் இதே வேளையில் நடக்கின்றன. ஹோட்டல் அடுப்படிகளில் ‘ரூ’ என்று சொல்லப்படுவது இந்த வறுத்த கலவையைத்தான். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

“எவ்வளவு பட்டர், எவ்வளவு மா, எவ்வளவு பால்? கரண்டிக் கணக்குல சொல்லுங்க.”

அடிப்படை விதி, கொழுப்பும் மாவும் எடையில் சமம் என்பது. அரை லீற்றர் பாலுக்கோ எலும்பு வேகவைத்த நீருக்கோ ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15 கிராம் போட்டால் சூப் பதம் வரும். 30 கிராம் போட்டால் கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்கும் கிரேவிப் பதம். 45 முதல் 50 கிராம் என்றால் மரக்கறியின் மேல் ஊற்றி அவணில் வைக்கும் பதம். ரோல்ஸ், பற்றிஸ் ஆகியவற்றின் உள்ளீட்டைச் சேர்த்துப் பிடிக்க 60 முதல் 70 கிராம் வேண்டும்.

கரண்டிக் கணக்கில் ஒரு பொறி உண்டு. மட்டமாக வழித்த ஒரு மேசைக்கரண்டி மா ஏறத்தாழ 8 கிராம்தான். அதே கரண்டி பட்டர் 14 கிராம். ஆகவே இரண்டு கரண்டி மாவுக்கு இரண்டு கரண்டி பட்டர் என்று போட்டால் கொழுப்பு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். கிரேவிப் பதத்துக்கு மட்டமான நான்கு மேசைக்கரண்டி மாவும், இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடிய பட்டரும் சரியான கணக்கு.

“மாவை எவ்வளவு நேரம் வறுக்கிறது? நிறம் மாறணுமா?”

எதற்காகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. வெள்ளைச் சோஸுக்கு, பட்டர் உருகி நுரைத்ததும் மாவைப் போட்டு, மெல்லிய தீயில் இரண்டு மூன்று நிமிடம் கிண்டினால் போதும். நிறம் மாறக் கூடாது. பொன்னிறத்துக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் ஆகும். கோழிக் கிரேவிக்கு இது ஏற்றது. மாட்டிறைச்சிக் கிரேவிக்கான பழுப்பு நிறத்துக்குக் கால் மணி நேரம் முதல் அரை மணி நேரம் வரை, அடுப்பை விட்டு நகராமல் கிண்ட வேண்டும்.

நிறம் கூடக் கூடத் தடிப்பாக்கும் வலு குறையும் என்பதைப் பலர் அறிவதில்லை. நீடித்த சூட்டில் மாப்பொருள் சிறு துண்டுகளாக உடைந்துவிடுகிறது. உடைந்தவற்றால் முன்போல நீரைப் பிடித்து வைக்க முடியாது. எனவே நன்கு பழுப்பேறிய ரூவைப் பயன்படுத்தும்போது மேலே சொன்ன அளவை ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை கூட்டுங்கள். கருகிய புள்ளிகள் தெரிந்தால் அந்தச் சட்டியைக் கழுவி மீண்டும் தொடங்குவதே நல்லது. அந்தக் கசப்பைப் பாலாலோ சீனியாலோ மறைக்க முடியாது.

“கொழும்புல தங்கச்சி வீட்ல செஞ்சா பத்து நிமிஷத்துல தடிக்குது. அதே அளவுல இங்க நுவரெலியாவுல செஞ்சா தண்ணியாவே நிக்குது. மா சரியில்லையா?”

மாவில் பிழையில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடும்போது காற்றழுத்தம் குறைவதால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்குகிறது. ஏறத்தாழ 300 மீற்றருக்கு 1 பாகை செல்சியஸ் குறையும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் நீர் கண்டியில் 98 பாகைக்குச் சற்று மேலும், ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 96 பாகையை ஒட்டியும், நுவரெலியாவில் 94 பாகையை ஒட்டியும் கொதிக்கிறது. தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது. நீர் விரைவாக ஆவியாகும், அவ்வளவுதான்.

கோதுமை மாப்பொருள் 60 பாகையை ஒட்டி உப்பத் தொடங்கினாலும், முழுமையாகத் தடிப்பது 90 முதல் 95 பாகைக்குள்தான். கொழும்புச் சட்டி அந்த எல்லையைத் தாண்டிக் கொதிக்கிறது. நம் சட்டியோ எல்லையின் விளிம்பில் நிற்கிறது. ஆகவே இங்கும் சோஸ் தடிக்கும், ஆனால் மெதுவாகத் தடிக்கும். முதல் குமிழ் வந்ததும் அடுப்பை அணைத்துவிடாமல், மெல்லிய கொதியில் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். பாதி மூடி போட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் தொட்டுக் கிண்டுங்கள். அதன் பிறகும் தண்ணீராக இருந்தால் மட்டும் மாவின் அளவைப் பற்றி யோசிக்கலாம். பத்தாவது நிமிடத்தில் அவசரப்பட்டு இன்னும் இரண்டு கரண்டி மா சேர்ப்பவர்களுக்கு, பரிமாறும் நேரத்தில் அது கூழாகிப் போகும். முதலில் போட்ட மாவும் பின்னர் போட்ட மாவும் அப்போதுதான் ஒன்றாக உப்பி முடித்திருக்கும்.

கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்துச் சோஸ் காய்ச்சும் முறையை இந்த உயரத்தில் கைவிடுவது நல்லது. உள்பாத்திரத்தின் சூடு சுற்றியுள்ள நீரின் சூட்டைவிடச் சில பாகை குறைவாகவே இருக்கும் என்பதால் மா முழுதாக வேகாது. அடிகனமான சட்டியில் நேரடித் தீயே ஏற்றது.

ஒன்றை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ரூ வறுக்கும் நேரம் எந்த ஊரிலும் ஒன்றுதான், ஏனெனில் பட்டரிலுள்ள நீர் வற்றிய பின் கொழுப்பின் சூட்டை நீரின் கொதிநிலை கட்டுப்படுத்துவதில்லை. திரவம் சேர்த்த பிறகு வரும் நேரத்தையே நாம் நீட்ட வேண்டும்.

“பாலைச் சுடவச்சு ஊத்தணுமா, பச்சைப்பாலா ஊத்தணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

இரண்டும் சரி. ரூவும் பாலும் இரண்டுமே கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது ஒரேயடியாக ஊற்றுவதுதான் ஆபத்து. கலக்குவதற்கு முன்பே மா பசையாகிவிடும். சூடான ரூவுக்கு அறைச்சூட்டிலோ இளஞ்சூட்டிலோ உள்ள பாலையும், ஆறிய ரூவுக்குச் சூடான பாலையும் சேர்க்கலாம். எப்படியானாலும் முதல் கால் கோப்பையை ஊற்றி, வழுவழுப்பான பசையாகும் வரை கலக்கிய பின்பே மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

குளிர்சாதனப்பெட்டியிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்ற வேண்டாம். ரூவிலுள்ள கொழுப்பு சட்டென்று உறைந்து கரண்டியில் உருண்டு ஒட்டிக்கொள்ளும். நம் குளிரில் மேசைமேல் இருந்த பால்கூட அந்த அளவுக்குச் சில்லிட்டிருப்பதுண்டு.

“கட்டி பட்டுப்போச்சு. கீழ ஊத்துறதா?”

வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கி, விஸ்க்கால் பலமாக அடியுங்கள். சிறு கட்டிகள் கரைந்துவிடும். கரையாதவற்றைக் கண்ணறை சிறிய வடியில் ஊற்றிக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து வடித்து, மீண்டும் அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுங்கள். கட்டிக்குள் சிக்கியிருந்த மா இப்போதுதான் வேகத் தொடங்குகிறது என்பதால் பதம் சற்று மாறும். சில நிமிடம் பொறுத்துப் பார்த்த பின் மற்றதைச் செய்யலாம்.

“பிட்டுக்கு அவிச்சு அரிச்சு வச்ச மா இருக்கு. அதைப் போடலாமா? செல்ப் ரெய்சிங் மா?”

அவித்த கோதுமை மாவைப் போடலாம். ஆவியில் வெந்ததால் அதன் பச்சை வாடை பெருமளவு போயிருக்கும். இழுபடும் பசைத்தன்மையும் குறைந்திருக்கும். ஆனால் அவித்த மா நிற்க நிற்கத் திரளும் இயல்புடையது. முன்பே அரித்ததாயினும், பட்டரில் போடுவதற்கு முன் இன்னொரு முறை அரியுங்கள்.

செல்ப் ரெய்சிங் மா வேண்டாம். அதிலுள்ள பேக்கிங் பவுடர் திரவத்தில் நுரைத்து, ஒரு உவர்ப்பையும் விட்டுச்செல்லும். ஆட்டா மாவில் தவிடு இருப்பதால் தடிப்பு குறையும், சோஸும் மணல்போல் நாவில் உரசும்.

“பட்டர் வாங்கிக் கட்டுப்படியாகாது. மாஜரின், தேங்காய் எண்ணெய் எல்லாம் சரிவருமா?”

தடிப்பைப் பொறுத்தவரை எந்தக் கொழுப்பும் ஒன்றுதான். வேறுபாடு சுவையிலும் நீரின் அளவிலும் இருக்கிறது. பட்டரில் ஏறத்தாழ 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி நீர். சமையலுக்கான மாஜரினும் இதை ஒட்டியே இருக்கும், ஆயினும் பாணில் பூச மட்டும் என விற்கப்படும் மென்மையான வகைகளில் நீர் அதிகம். அவற்றில் மா வறுபடுவதற்குப் பதிலாக அவிந்துபோகும். பெட்டியின் பக்கத்தில் கொழுப்பின் அளவு அச்சிடப்பட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். நெய்யும் எண்ணெயும் முழுக் கொழுப்பு என்பதால் 30 கிராம் பட்டருக்கு 25 கிராம் போதும்.

தேங்காய் எண்ணெயில் சூடாக இருக்கும்போது குறையே தெரியாது. ஆனால் அது 24 பாகையை ஒட்டி உறைவது. நம் அடுப்படிகளில் போத்தலுக்குள்ளேயே வெள்ளையாக உறைந்து நிற்பதைத் தினமும் காண்கிறோம். குளிர்ந்த தட்டில் ஊற்றிய சோஸிலும் அதுவே நடந்து, மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். தேங்காய் எண்ணெய் ரூ என்றால் தட்டையும் கிரேவிக் குவளையையும் வெந்நீரில் அலசிச் சூடாக்கிக்கொண்டு பரிமாறுங்கள். பட்டர் ரூவுக்கும் நுவரெலியாவில் இந்த வழக்கம் நல்லது, ஏனெனில் மாவால் தடித்த எதுவும் ஆற ஆற மேலும் இறுகும். அடுப்பில் பார்க்கும்போது நீங்கள் விரும்பும் பதத்தைவிட ஒரு படி இளக்கமாகவே இறக்க வேண்டும்.

“பசும்பால் இல்ல. பால்மாவுல வெள்ளைச் சோஸ் வருமா?”

நன்றாகவே வரும். அரை லீற்றருக்கு 65 கிராம் அளவில் பால்மாவை இளஞ்சூட்டு நீரில் கட்டியின்றிக் கரைத்த பின்பே ரூவில் ஊற்றுங்கள். உலர்ந்த பால்மாவை நேரே சட்டியில் போட்டால், முதல் பதிலில் சொன்ன கட்டிக் கதை மீண்டும் நடக்கும். கறந்த பால் கிடைப்பவர்கள் அதைக் காய்ச்சி, ஏட்டை எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். கண்டி, மாத்தளைப் பக்கம் விளையும் சாதிக்காயைக் கடைசியில் சிறிது துருவிப் போட்டால், பால்மாச் சோஸும் பசும்பால் சோஸுக்கு ஈடாக மணக்கும்.

“கோழி ரோஸ்ட் பண்ணின தட்டுல எண்ணெயும் கறுப்பாவும் ஒட்டிக்கிடக்கு. அதுலதான் கிரேவி செய்யணும்னு சொல்றாங்க, எப்படி?”

அந்தத் தட்டுதான் கிரேவியின் உயிர். ஒட்டியிருப்பது பழுப்பாக இருந்தால் சுவை. நிலக்கரிபோல் கறுத்திருந்தால் கசப்பு, தொடவே கூடாது. இரண்டையும் நாவில் வைத்துப் பார்த்தே பிரித்தறியலாம்.

தட்டிலுள்ள திரவத்தை ஒரு கண்ணாடிக் குவளையில் வடியுங்கள். கொழுப்பு மேலே மிதக்கும், சாறு அடியில் நிற்கும். மேலிருந்து இரண்டு மேசைக்கரண்டிக் கொழுப்பை மட்டும் தட்டில் திரும்ப ஊற்றி, மட்டமான நான்கு மேசைக்கரண்டி மாவைச் சேர்த்து, பொன்னிறமாகும் வரை மெல்லிய தீயில் வறுங்கள். பின்னர் குவளையின் அடியிலுள்ள சாற்றோடு எலும்பு வேகவைத்த நீரும் சேர்த்து அரை லீற்றராக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியபடி மரக்கரண்டியால் தட்டின் அடியைச் சுரண்டுங்கள். ஒட்டியிருந்ததெல்லாம் கரைந்து நிறமும் சுவையும் ஒன்றாக ஏறும். கொதி வந்ததும் சட்டிக்கு மாற்றி, உயரம் பற்றிய பதிலில் சொன்ன நேரம்வரை விடுங்கள். உப்பைக் கடைசியிலேயே போட வேண்டும், ஏனெனில் சாற்றில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, வற்றும்போது அது மேலும் கூடும்.

“எல்லாம் சரியா வந்து, இறக்குற நேரத்துல மேல எண்ணெய் மிதக்குது.”

கொழுப்பு மாவைவிடக் கூடிவிட்டது, அல்லது நீர் வற்றிவிட்டது. முதலாவது பெரும்பாலும் இரண்டாவது பதிலில் சொன்ன கரண்டிப் பொறியால் வருவது. மிதப்பதைக் கரண்டியால் வழித்தெடுங்கள். வற்றியிருந்தால் இரண்டு மேசைக்கரண்டி கொதிநீரை விட்டு விஸ்க்கால் அடித்தாலே மீண்டும் கூடிவிடும். நீண்ட நேரம் கொதிக்க வேண்டியிருப்பதால் மலைநாட்டில் இந்த இரண்டாவது காரணம் அதிகம். பாதி மூடி போடச் சொன்னதன் பொருள் இதுதான்.

“இவ்வளவு பாடு எதுக்கு? சோள மாவைக் கரைச்சு ஊத்தினா முடிஞ்சுதே.”

சில இடங்களில் அதுவே பொருத்தம். சோள மா ஏறக்குறைய முழுவதும் மாப்பொருள் என்பதால் கோதுமை மாவின் பாதியளவு போதும், சோஸும் கண்ணாடிபோல் பளபளக்கும். சீன முறைக் குழம்புகளுக்கு அதுதான் வேண்டும். ஆனால் நீண்ட நேரம் கொதித்தாலோ ஓயாமல் கிண்டினாலோ இளகிவிடும். பட்டரில் வறுத்த மாவின் மணமும் நிறைவும் அதில் வராது. ரோஸ்ட் கிரேவிக்கு அதைக் கரைத்து ஊற்றுவதை நான் ஏற்பதில்லை.

பரிமாறும் நேரத்தில் கிரேவி சற்று இளக்கமாக இருந்தால், சோள மாவைத் தேடுவதற்குப் பதிலாக மெதுவான பட்டரும் கோதுமை மாவும் சம எடையில் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருண்டைகளாகக் கொதிக்கும் கிரேவியில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். மா பச்சையாக இருப்பதால் ஐந்தாறு நிமிடமாவது கொதிக்க வேண்டும்.

“தேங்காய்ப் பால்ல செய்யலாமா? திரியாதா?”

செய்யலாம், மா இருப்பதே திரியாமல் காக்கும். முதற்பாலில் கொழுப்பு நிறைய இருப்பதால் ரூவில் பட்டரைச் சற்றுக் குறைத்து, இரண்டாம் பாலில் சோஸைக் கொதிக்க வைத்து வேகவிட்டு, முதற்பாலைக் கடைசியில் சேர்த்து ஒரு கொதியுடன் இறக்குங்கள். லீக்ஸுக்கும் கரட்டுக்கும் இந்தச் சோஸ் மிக நன்றாகப் பொருந்தும்.

நம் இறைச்சிக் கறிகளுக்கும் ரூ போடலாமா என்று இதோடு சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. தேவையில்லை என்பதே என் கருத்து. வெங்காயமும் தேங்காயும், சில வீடுகளில் வறுத்து அரைத்த அரிசியும் அந்த வேலையைச் செய்கின்றன. கோதுமை மா சேர்ந்தால் மிளகாய், மல்லியின் கூர்மை மங்கிவிடும்.

“தேசிக்காய் விட்டதும் இளகிப்போச்சு. ஏன்?”

புளிப்பு, சூட்டோடு சேரும்போது மாப்பொருளை உடைக்கும். தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, தக்காளி எதுவாயினும் இது பொருந்தும். சோஸ் முழுதாகத் தடித்து, அடுப்பை அணைத்த பின்பே சாற்றை விடுங்கள். தக்காளியைத் தவிர்க்க முடியாதபோது மாவைக் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

“கோலிபிளவர் சீஸ் செஞ்சா, சீஸ் நூல் நூலா இழுபட்டு எண்ணெய் கக்குது.”

சோஸ் கொதிக்கும்போது சீஸ் போட்டிருப்பீர்கள். அதிகச் சூட்டில் சீஸின் புரதம் இறுகிக் கொழுப்பை வெளியே தள்ளிவிடும். சோஸை முழுதாக வேகவைத்து, இறக்கி, கொதி அடங்கிய பின் துருவிய சீஸைப் பிடிபிடியாகச் சேர்த்துக் கலக்குங்கள். அதன் பிறகு அடுப்பில் ஏற்ற வேண்டாம். கோலிபிளவரை நன்றாக நீர் வடிய விடுவதும் முக்கியம், இல்லையேல் அவணில் அது விடும் நீர் பதத்தைக் கெடுக்கும்.

“இங்கதான் குளிர்தானே, கிரேவியை ராத்திரி மேசையில மூடி வச்சாக் கெட்டுப்போகுமா?”

கெட்டுப்போகலாம், அதுவும் மணத்திலோ சுவையிலோ தெரியாமல். இறைச்சிக் கிரேவி கிருமிகள் பெருகுவதற்கு மிகவும் ஏற்ற உணவு. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடு அவற்றுக்கு வசதியானது. நுவரெலியாவின் இரவுக் குளிர் நமக்குக் கடுமையாகத் தோன்றினாலும் அடுப்படிக்குள் இருக்கும் சூடு அந்த எல்லைக்குள்தான் வரும். தடித்த கிரேவி பெரிய சட்டியில் நடுப்பகுதி ஆறாமல் மணிக்கணக்கில் இளஞ்சூடாக நிற்பது இன்னும் கேடு. அகலமான தட்டுகளில் ஆழமில்லாமல் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப்பெட்டியில் வைத்துவிடுங்கள். எடுக்கும்போது முழுதாகக் கொதிக்க வைத்தே பரிமாறுங்கள். இந்தக் குளிரை நம்பி வைப்பதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

உறைநிலைப் பெட்டியில் வைத்த சோஸ் உருகும்போது நீர் பிரிந்து நிற்கும். சூடாக்கி விஸ்க்கால் அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். அதைவிட, ரூவை மட்டும் முன்கூட்டியே செய்து, ஆறவிட்டு, துண்டுகளாக்கிக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்துக்கொள்வது விடுதி அடுப்படிகளுக்கு வசதி.

“கோதுமை ஒத்துக்காத விருந்தாளி வந்தா?”

அரிசி மாவில் ரூ செய்யலாம். வறுக்கும் முறை ஒன்றே, நிறம் மட்டும் மெதுவாக ஏறும். சோள மாவைக் கரைத்தும் ஊற்றலாம். கோதுமை மாவில் பட்ட விஸ்க், வடி, கரண்டி எதையும் கழுவாமல் அந்தச் சட்டிக்குள் விடக் கூடாது. ரோஸ்ட்டுக்கு மேல் கோதுமை மா தூவியிருந்தால் அந்தத் தட்டின் கொழுப்பும் அவருக்கு ஆகாது.

“கொதிச்சு நல்லா தடிச்சுத்தான் இறக்கினேன். ஒரு மணி நேரத்துல தண்ணியாப் போச்சு. புளியும் விடல, சோள மாவும் இல்ல. என்னதான் நடந்துச்சு?”

ருசி பார்த்த கரண்டியை மீண்டும் சட்டிக்குள் விட்டீர்களா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். நம் உமிழ்நீரில் மாப்பொருளை உடைக்கும் நொதியம் உண்டு. இறக்கிவைத்து இளஞ்சூட்டில் நிற்கும் சோஸில் அது சிறிதளவு கலந்தாலும் வேலை செய்யத் தொடங்கிவிடும், கொதிக்கும் சோஸிலோ அது சூட்டால் அழிந்துவிடும். ருசி பார்க்க வேறு கரண்டி வைத்துக்கொள்வது சுத்தத்துக்கும் வேண்டியதே. இளகியதை மீண்டும் ஒருமுறை முழுதாகக் கொதிக்க வைத்து அந்த நொதியத்தை அழித்த பின், மேலே சொன்ன பட்டர்–மா உருண்டைகளில் இரண்டு மூன்றைப் போட்டு வேகவிட்டால் பதம் திரும்பும். அப்படிச் சீர்செய்ததை வீட்டாருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் மேசைக்கு அனுப்ப வேண்டாம்.